உள்வழியும் வெளிவழியும்: ஒரு வானொலிக் குமிழும் கணினி வரைதலின் கதையும்

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அண்மையில் சிறியதொரு முப்பரிமாண அச்சுப்பொறியை வாங்கினார். அவருடைய தந்தையார் விட்டுச்சென்ற வால்வு வானொலி ஒன்று வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நிலையம் திருப்பும் குமிழ் உடைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. எஞ்சி நிற்கும் தண்டைக் குறடால் பற்றித் திருகித்தான் அதை இயக்குவார்கள். அந்தக் குமிழைத் தாமே வரைந்து, தாமே அச்சிட்டுப் பொருத்திவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அச்சுப்பொறி வந்து சேர்ந்த பிறகுதான், அச்சிடுவதற்கு முன் வரைந்தாக வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது. "கணினியில் வரைவதற்குப் புதியவன் ஒருவன் எளிதில் கற்கக்கூடிய மென்பொருள் எது? ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள், போதும்" என்றார்.

ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம், நா எழவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் இதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டேன். "மிக எளிது, இலவசம், உலாவி ஒன்றிருந்தால் போதும்" என்று ஒரு சேவையைக் காட்டினார். மூன்றாண்டுகள் அதில் மகிழ்ச்சியாக வரைந்தேன்: குடைக் கைப்பிடி, சன்னல் கொக்கி, மகளின் நடைவண்டிக்கு அச்சாணி. பிறகு ஒருநாள் அந்தச் சேவை மூடப்பட்டது. மூடப்போவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அச்சுக்கு அனுப்புவதற்காக இறக்கிவைத்திருந்த கோப்புகள் மட்டும் மிஞ்சின. அவற்றை இன்றும் அச்சிடலாம். ஆனால் ஒரு துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாக்க வேண்டுமென்றால், வடிவத்தை முதலிலிருந்து மீண்டும் வரைய வேண்டும்.

புதியவர்களாகிய நாம் எல்லோரும் உள்ளே நுழைவது எளிதா என்று கேட்கிறோம். வரைந்ததை எடுத்துக்கொண்டு வெளியே வருவது எளிதா என்று கேட்பதில்லை. கணினி வரைதலின் அறுபதாண்டு வரலாற்றைப் புரட்டினால், அத்துறையின் முன்னோர்களும் இந்த இரண்டாவது கேள்வியைக் காலம் கடந்தே கேட்டிருக்கிறார்கள் என்பது புலப்படும். நண்பருக்கு உரிய விடையை அந்த வரலாற்றின் வழியாகவே சொல்ல முற்படுகிறேன்.

1. ஒளிப்பேனா

இக்கதை தொடங்கும் இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். அங்கிருந்த லிங்கன் ஆய்வகத்தில் டி.எக்ஸ்-2 என்றொரு கணினி இருந்தது. எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த ஐவன் சதர்லாந்து, அக்கணினியின் சிறு திரையில் ஒளிப்பேனாவால் வரையும் நிரலொன்றை எழுதினார். 1963-இல் அவர் அளித்த ஆய்வேட்டின் பொருளான அந்நிரலுக்கு 'ஸ்கெட்ச்பேட்' என்று பெயர். அவ்வாய்வை மேற்பார்வையிட்டவர், தகவல் கோட்பாட்டின் தந்தை எனப்படும் கிளாட் ஷானன்.

ஸ்கெட்ச்பேடைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒளிப்பேனாவையே வியப்பார்கள். வியக்கத்தக்கவை வேறு இரண்டு. ஒன்று, நிபந்தனை. நீங்கள் கோணலாக நான்கு கோடுகள் இழுக்கிறீர்கள். 'இவ்விரண்டும் இணையாக இருக்கட்டும், இவ்விரண்டும் சம நீளமாக இருக்கட்டும்' என்று கட்டளையிடுகிறீர்கள். கணினி கோடுகளை நகர்த்தி அந்நிபந்தனைகளை நிறைவேற்றுகிறது. காகிதத்தில் வரைபவர் கோட்டை வரைகிறார்; ஸ்கெட்ச்பேடில் வரைபவரோ கோடுகளுக்கு இடையிலான உறவை வரைகிறார். மற்றொன்று, மூலமும் படியும். ஒரு வடிவத்தை ஒருமுறை மூலமாக வரைந்துவிட்டு, அதன் படிகளை எத்தனை இடங்களில் வேண்டுமானாலும் வைக்கலாம். மூலத்தை மாற்றினால் படிகள் அனைத்தும் மாறும்.

நண்பருடைய குமிழின் துளையை எண்ணிப் பார்ப்போம். வானொலித் தண்டு முழு வட்டமாக இராது. ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். ஆகவே துளை என்பது ஒரு வட்டமும் அதை வெட்டும் ஒரு நேர்கோடும். 'வட்டத்தின் மையத்திலிருந்து அக்கோடு இவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும்' என்று சொல்லிவிட்டால், வட்டத்தைப் பெரிதாக்கினாலும் அந்த உறவு குலையாது. இன்று ஃப்ரீகேட், ஃப்யூஷன், ஆன்ஷேப், சால்வ்ஸ்பேஸ் ஆகிய நிரல்களில் தொடக்கநிலையாளர் முதற்பாடமாகக் கற்பது இதைத்தான். 1963-இல் அந்தச் சிறு திரையில் நிகழ்ந்தது இன்றும் ஒவ்வொரு புதியவர் முன்னும் நிகழ்கிறது எனலாம்.

ஆனால் ஸ்கெட்ச்பேட் அந்த ஒரு கணினிக்காகவே எழுதப்பட்டது. வேறிடங்களுக்குப் பயணப்பட்டவை அதன் எண்ணங்களே, நிரல் அன்று.

2. பிறந்த இடத்திலேயே நின்றுபோனவை

ஏறத்தாழ அதே காலத்தவர் பேட்ரிக் ஹன்ரட்டி. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1957-இல் எந்திரங்களை எண்களால் இயக்குவதற்கான 'ப்ரோன்டோ' என்ற நிரல்மொழியை உருவாக்கியவர். பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில், கார்களின் வடிவமைப்புக்கென ஐ.பி.எம். நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்டு 1964-இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட டி.ஏ.சி-1 திட்டத்தில் பணியாற்றினார்.

1970-இல் அவர் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி வரைவு மென்பொருள் ஒன்றை உருவாக்கினார். அது இயங்கியது அதிகம் பேர் வைத்திராத ஒரு கணினியில்; எழுதப்பட்டிருந்தது அதிகம் பேர் அறிந்திராத ஒரு மொழியில். நிறுவனம் தோற்றது. அடுத்த ஆண்டே மற்றொரு நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஃபோர்ட்ரான் மொழியில், ஏறக்குறைய எந்தக் கணினியிலும் இயங்கும்வண்ணம் 'ஆடம்' என்ற மென்பொருளை எழுதினார். பல நிறுவனங்கள் அதை உரிமம் பெற்றுத் தம் பெயரில் விற்றன. பிற்காலத்து வணிக வரைவு மென்பொருள்கள் பலவற்றின் வேர் ஆடமில் இருக்கிறது. ஒரே ஒரு எந்திரத்துடன் நிரலைப் பிணைத்துவிடாதே, போட்டியாளரின் மென்பொருளுடனும் பேசத் தெரிந்ததாக அதை அமை என்பதே முதல் தோல்வியிலிருந்து அவர் பெற்ற படிப்பினை. ஒரு மனிதர் தம் வாழ்வில் விலை கொடுத்துக் கற்ற இப்பாடத்தை, பொழுதுபோக்காக வரையும் நாம் இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம்.

இதே காலத்தில் ஃபிரான்சில் இன்னொரு கதை நடந்தது. கார்களின் வளைந்த உடலை எண்களால் எப்படிச் சொல்வது என்ற சிக்கலுக்குச் சித்ரோவென் நிறுவனத்தில் பணியாற்றிய கணிதவியலர் பால் தெ காஸ்தெல்ஜோ 1959-இலேயே அழகியதொரு தீர்வு கண்டார். நிறுவனம் அதைத் தொழில் இரகசியமாகப் பூட்டிவைத்தது. 1960-களில் ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியேர் பெசியே அதே வளைவுகளை வேறொரு வழியில் கண்டடைந்தார். தம் ஆய்வை வெளியிடவும் செய்தார். விளைவு, உலகம் அவற்றைப் பெசியே வளைவுகள் என்றே அழைக்கிறது. திரையில் நீங்கள் வாசிக்கும் இத்தமிழ் எழுத்துகளின் சுழிகளும் அவ்வகை வளைவுகளால் ஆனவையே. தெ காஸ்தெல்ஜோவின் பெயர் அவ்வளைவுகளைக் கணக்கிடும் ஒரு வழிமுறைக்குப் பிற்பாடு சூட்டப்பட்டது. முதலில் கண்டவர் பின்னால் நிற்க நேர்ந்தது, அவர் கண்டது நிறுவனத்தின் சுவரைத் தாண்டாததால்.

3. கூட்டலும் கழித்தலும் நினைவும்

கோடுகளையும் வளைவுகளையும் வரைந்தாயிற்று. திண்மப் பொருளைக் கணினி எவ்வாறு அறிந்துகொள்ளும்? 1970-களில் இதற்கு இரு விடைகள் உருவாயின.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வோல்க்கர், அரிஸ்டிடீஸ் ரெக்கிச்சா ஆகியோரின் குழு, எளிய திண்மங்களைக் கூட்டியும் கழித்தும் எந்தப் பொருளையும் கட்டலாம் என்ற வழியை வளர்த்தெடுத்தது. குமிழ் என்பது என்ன? ஒரு பெரிய உருளையிலிருந்து ஒரு சிறிய உருளையைக் கழித்தது. இதைவிட எளிய விளக்கம் கிடையாது. குழந்தைகளும் பயன்படுத்தும் டிங்கர்கேட், நிரலாளர்கள் விரும்பும் ஓப்பன்ஸ்கேட் இரண்டும் தோற்றத்தில் துருவங்கள்; மரபில் உடன்பிறப்புகள். இரண்டும் இக்கூட்டல் கழித்தல் வழியில் வந்தவை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டும் அவர் சார்ந்த குழுவினரும் வேறொரு வழியில் சென்றனர். பொருளை அதன் முகங்கள், விளிம்புகள், முனைகள் ஆகியவற்றின் ஒழுங்கான தொகுப்பாக அவர்கள் கண்டார்கள். இன்றைய தொழில்துறை மென்பொருள்களின் உள்ளே இயங்கும் வடிவக் கணிதக் கருக்கள் பலவும் அந்தக் கேம்பிரிட்ஜ் மரபில் வந்தவை.

மூன்றாவதாக வந்தது நினைவு. லெனின்கிராடில் பிறந்து 1974-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கணிதவியலர் சாமுவேல் கைஸ்பர்க், 1985-இல் பி.டி.சி. நிறுவனத்தைத் தொடங்கினார். 1980-களின் இறுதியில் அது வெளியிட்ட ப்ரோ/எஞ்சினியர், பொருளின் வடிவத்தோடு அது கட்டப்பட்ட வரலாற்றையும் சேமித்தது. முதலில் வட்டம் வரைந்தாய், பிறகு 15 மில்லிமீட்டர் உயர்த்தினாய், பிறகு துளையிட்டாய், இறுதியில் விளிம்பை மழுக்கினாய் என்று ஒவ்வொரு செயலையும் வரிசையாக நினைவில் வைத்திருந்தது. நடுவில் உள்ள ஓர் அளவை மாற்றினால், பின்வந்த செயல்கள் அனைத்தையும் அதுவே மீண்டும் செய்து காட்டியது.

இதன் அருமையைக் குமிழே விளக்கும். பழைய வானொலிகளின் தண்டு சிலவற்றில் 6 மில்லிமீட்டர். சிலவற்றில் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். சாதாரண அளவுகோலால் இவ்வேறுபாட்டைக் கண்டறிவது கடினம். முதல் அச்சு பொருந்தாது போனால், வரலாற்றை நினைவில் வைத்திருக்கும் மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். நினைவற்ற கோப்பில் குமிழை மீண்டும் பிறப்பிக்க வேண்டும். என் பழைய வடிவங்களுக்கு நேர்ந்த கதி அதுதான்: உடல் மிஞ்சியது, நினைவு போயிற்று.

4. மேசைக்கு வந்த கதை

1970-களில் வரைவுக் கணினி அமைப்பொன்றின் விலை இலட்சம் டாலரைத் தாண்டும். தனிமனிதர் ஒருவர் கனவிலும் நினைக்க இயலாத தொகை. 1982-இல் கலிஃபோர்னியாவில் ஜான் வாக்கரும் அவருடைய நிரலாள நண்பர்களும் சேர்ந்து ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் திட்டமிட்டிருந்த பல மென்பொருள்களில் ஒன்று, மைக் ரிடில் எழுதியிருந்த 'இன்டராக்ட்' என்ற வரைவு நிரலின் வழிவந்தது. வாடிக்கையாளரைக் கவரும் என்று அவர்கள் எண்ணிய அலுவலக மென்பொருளின் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. ஆனால் நிறுவனத்தை வாழவைத்தது வரைவு நிரல்தான். அவ்வாண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் அது காட்டப்பட்டது. பெயர் ஆட்டோகேட், விலை ஏறத்தாழ 1000 டாலர். மேசைக் கணினியில் இயங்கியது.

என் தலைமுறைப் பொறியியல் மாணவர்கள், மினி டிராஃப்டரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பேருந்தில் ஏறியவர்கள். படிப்பு முடிந்ததும் ஊரின் கடைத்தெரு மாடியொன்றில் இருந்த பயிற்சி நிலையத்தில் ஆட்டோகேட் கற்கச் சென்றோம். வரைதல் என்றாலே ஆட்டோகேட் என்று எண்ணிய காலம் அது. அவ்வெண்ணத்துக்கு ஒரு காரணம் அதன் திறன். மற்றொரு காரணம் அதன் கோப்பு வடிவம்.

ஆட்டோகேட் தன் வரைபடங்களை டி.டபிள்யூ.ஜி. என்ற வடிவில் சேமித்தது. அதன் உள்ளமைப்பை நிறுவனம் வெளியிடவில்லை. பிற நிரல்களுடன் பரிமாறிக்கொள்வதற்காக டி.எக்ஸ்.எஃப். என்ற எழுத்துவடிவக் கோப்பை முதற்பதிப்பிலிருந்தே கொடுத்தது. ஆயினும் உலகின் வரைபடங்களில் பெரும்பகுதி டி.டபிள்யூ.ஜி.யிலேயே குவிந்தது. அதைத் திறந்து படிக்கும் வழியை உருவாக்குவதற்காகவே 1998-இல் பிற மென்பொருள் நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து ஒரு கூட்டமைப்பை நிறுவ வேண்டியதாயிற்று. இதற்கிடையில் அரசுகளும் தொழிற்சாலைகளும் பொதுவான கோப்பு வடிவம் வேண்டிக் குரல் எழுப்பியதன் பயனாக 1980-இல் ஐ.ஜி.ஈ.எஸ்., 1994-இல் ஐ.எஸ்.ஓ. 10303 என்னும் ஸ்டெப் தரம் ஆகியவை வெளிவந்தன. வெளிவழி என்பது வானூர்தி கட்டுவோருக்கும் கப்பல் கட்டுவோருக்கும்கூடத் தானாகக் கிடைத்ததன்று, போராடிப் பெற்றது.

திண்ம வடிவமைப்பை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஜான் ஹிர்ஷ்டிக். எம்.ஐ.டி. மாணவர்களின் புகழ்பெற்ற சீட்டாட்டக் குழுவில் ஆடி ஈட்டிய பணத்தை முதலாக வைத்து 1993-இல் அவர் தொடங்கிய நிறுவனம், 1995-இல் சாலிட்வொர்க்ஸை வெளியிட்டது. விண்டோஸ் கணினி போதும் என்ற நிலை வந்தது. இவரை நினைவில் வைத்திருங்கள், மீண்டும் வருவார்.

5. பொழுதுபோக்கர் நுழைகிறார்

2000-ஆம் ஆண்டில், கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிலிருந்து ஸ்கெட்ச்அப் வந்தது. ஒரு சதுரத்தை வரைந்து அதன் முகத்தைப் பிடித்து இழுத்தால் பெட்டியாகிவிடும். பயிற்சி நூலின்றிப் பத்து நிமிடத்தில் ஒரு வீட்டை எழுப்பிவிடலாம். 2006-இல் கூகுள் அதை வாங்கி இலவசப் பதிப்பொன்றை வெளியிட்டது. தச்சுவேலை ஆர்வலர்களும் வீடு கட்டுவோரும் அதை ஆவலுடன் ஏற்றனர். 2012-இல் அது டிரிம்பிள் நிறுவனத்தின் கைக்கு மாறியது. கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவசப் பதிப்பு 2017-உடன் நின்றது. அதன்பின் இலவசம் என்பது உலாவிக்குள் மட்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கெட்ச்அப்பில் வட்டம் என்பது உண்மையில் பலகோணம். வழக்கமாக 24 பக்கங்கள். மாடவீட்டுக்கு அதனால் குறையில்லை. தண்டு இறுக்கமாக நுழைய வேண்டிய துளைக்கோ அது கவனிக்க வேண்டிய செய்தி. பக்கங்களைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் கூட்ட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ரெப்ரேப் திட்டத்தைத் தொடங்கினார். தன் பாகங்களைத் தானே அச்சிடும் அச்சுப்பொறி, வரைபடம் அனைவருக்கும் பொது. உருக்கி அடுக்கும் முறைக்கான அடிப்படைக் காப்புரிமை 2009-இல் காலாவதியானதும் மலிவான அச்சுப்பொறிகள் பெருகின. வரைவதற்கு வழியற்ற இலட்சக்கணக்கானோர் அச்சிடும் வசதியைப் பெற்றனர். அவர்களுக்காக 2011-இல் வந்தது டிங்கர்கேட். கை பேக்மன், மிக்கோ மோனோனென் ஆகிய இருவர் நிறுவியது. உலாவியைத் திறந்து, உருளையை இழுத்துப் போட்டு, மற்றொன்றைத் 'துளை' என்று அறிவித்து, இரண்டையும் சேர்த்தால் குமிழ்.

2013 மார்ச்சில் டிங்கர்கேட் மூடப்படப்போவதாக அதன் நிறுவனம் அறிவித்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் திகைத்தனர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஆட்டோடெஸ்க் அதை வாங்கி, இலவசமாகவே தொடர்ந்து நடத்தலாயிற்று, இன்றும் நடத்துகிறது. அந்தச் சில வாரங்களில் எத்தனை பேர் தம் வடிவங்களை இறக்கிவைத்துக்கொண்டார்கள் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். அது தப்பியது ஒருவர் வாங்க முன்வந்ததால்.

அதே ஆட்டோடெஸ்க் 2013-இல் வெளியிட்ட ஃப்யூஷன் 360, தொழில்துறைத் தரமுள்ள மென்பொருளைப் பொழுதுபோக்கர்களுக்கு இலவசமாகத் தந்தது. பலர் வரைந்து குவித்தனர். 2020 செப்டம்பரில் நிறுவனம் புதிய வரம்புகளை அறிவித்தது: இலவசப் பயனர் ஒரு நேரத்தில் திருத்தத்தக்க ஆவணங்கள் பத்து மட்டுமே வைத்திருக்கலாம், பல ஏற்றுமதி வடிவங்கள் இல்லை. ஸ்டெப் ஏற்றுமதியும் நிறுத்தப்படவிருந்தது. எதிர்ப்புக் கிளம்பவே அதை மட்டும் விட்டுவைத்தனர். தங்கள் மென்பொருளின் நிபந்தனையை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அதில் குறை காண இடமில்லை. பயனர்கள் எந்த ஒன்றுக்காகக் குரல் கொடுத்தார்கள், நிறுவனம் எந்த ஒன்றில் இறங்கிவந்தது என்பதே கருதத்தக்கது. அது வெளிவழி.

ஹிர்ஷ்டிக் திரும்பி வருகிறார். 2012-இல் அவர் சகாக்களுடன் தொடங்கிய ஆன்ஷேப், முழுக்க உலாவியில் இயங்கும் தொழில்துறை மென்பொருள். 2019-இல் பி.டி.சி. 47 கோடி டாலருக்கு அதை வாங்கியது. தம் இளமையில் யாருடைய மென்பொருளுக்குப் போட்டியாக எழுந்தாரோ, அந்நிறுவனத்துக்கே அவருடைய படைப்பு சென்று சேர்ந்தது. ஆன்ஷேப்பின் இலவசத் திட்டத்தில் நீங்கள் வரைவது எதுவும் எவரும் காணத்தக்கதாக இருக்கும். குமிழுக்கு அதனால் தீங்கில்லை. புதிதாக எதையேனும் கண்டுபிடிக்க எண்ணுவோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

6. கட்டற்ற கிளை

வேறொரு கிளையும் அமைதியாக வளர்ந்துவந்தது. ஃபிரான்சின் மாத்ரா டேட்டாவிஷன் நிறுவனம் தன் வடிவக் கணிதக் கருவின் மூலநிரலை 1999-இல் ஓப்பன் கேஸ்கேட் என்ற பெயரில் பொதுவெளிக்குத் தந்தது. அதை அடித்தளமாகக் கொண்டு ஜெர்மானியரான யூர்கன் ரீகல் தொடங்கிய ஃப்ரீகேட், 2002-இல் முதன்முதலாக வெளிவந்தது. அதன் 1.0 பதிப்பு வந்தது 2024 நவம்பரில். இருபத்திரண்டு ஆண்டுகள்!

இத்தாமதத்துக்கு ஒரு காரணத்தைப் புதியவர்கள் அறிந்திருப்பது நல்லது. முன்னால் வரைந்த ஒன்றைத் திருத்தினால், முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் மென்பொருள் உள்ளுக்குள் இட்டிருந்த பெயர்கள் இடம் மாறிவிடும். மேல்விளிம்பில் இட்ட மழுக்கல் வேறொரு விளிம்பில் போய் அமரும், அல்லது முழு வடிவமும் சிதையும். பல தொடக்கநிலையாளர்கள் தங்கள் பிழை என்று எண்ணி ஃப்ரீகேடைக் கைவிட்டது இதனால்தான். 1.0 பதிப்பில் இச்சிக்கல் பெருமளவு தணிக்கப்பட்டுள்ளது. நுழைவாயில் இன்னும் சற்றுக் குறுகலே. குனிந்துதான் போக வேண்டும். ஆனால் நீங்கள் வரைந்தது முழுவதும், அதன் நினைவோடு, உங்கள் வட்டிலேயே இருக்கும். அதைத் திறக்கும் நிரலும் உங்களிடமே இருக்கும்.

கட்டற்ற கிளையில் இன்னும் சிலர் உண்டு. மாரியஸ் கின்டெலும் கிளிஃபர்ட் வுல்ஃபும் உருவாக்கிய ஓப்பன்ஸ்கேடில் வரைவதற்குச் சுட்டெலி தேவையில்லை. வடிவத்தைச் சொற்களாலும் எண்களாலும் எழுத வேண்டும். சால்வ்ஸ்பேஸ் சில மெகாபைட்டுகளில் அடங்கும் சிறு நிரல். ஸ்கெட்ச்பேடின் நிபந்தனை எண்ணத்தைக் கலப்பின்றிக் கற்க விரும்புவோருக்கு உகந்தது. லேசரால் பலகை வெட்டுவோருக்குத் தட்டை வரைபடம் போதும். அவர்களுக்கு லிப்ரேகேட் உண்டு. பிளெண்டரைப் பலர் இவ்வரிசையில் சேர்ப்பார்கள். சிலை போன்ற உருவங்களுக்கு அது ஒப்பற்றது. தண்டுக்கும் துளைக்கும் அளவு பார்த்து வரைவதற்கென்று பிறந்ததன்று. எனினும் அதன் வரலாறு இங்கே பொருந்தும். அதை வைத்திருந்த நிறுவனம் 2002-இல் மூடப்பட்டபோது, பயனர்கள் ஏழே வாரங்களில் ஒரு இலட்சம் யூரோ திரட்டி மூலநிரலை மீட்டுப் பொதுவுடைமையாக்கினர். விற்பனைக்கு வந்த வீட்டை அதில் குடியிருந்தவர்களே வாங்கிக்கொண்டதைப் போன்றது அது.

7. குமிழுக்குத் திரும்புவோம்

இவ்வளவையும் சொன்ன பிறகு நண்பருக்கு என்ன பரிந்துரைத்தேன்?

வெளிவழி என்பதில் மூன்று படிகள் உண்டு என்றேன். கடைப்படியில் நிற்பது அச்சுப்பொறிகளுக்கான எஸ்.டி.எல். கோப்பு: முக்கோணங்களால் ஆன தோல் மட்டும், வட்டம் வட்டமென்றும் அதற்குத் தெரியாது. நடுப்படியில் ஸ்டெப்: துல்லியமான வடிவம் உண்டு, கட்டிய வரலாறு இல்லை. தலைப்படியில், நினைவோடு கூடிய மூலக்கோப்பும் அதைத் திறக்கும் நிரலும் நம் கையிலேயே இருப்பது. எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் அது நம்மை எந்தப் படியில் நிறுத்துகிறது என்பதை அறிந்துகொண்டு தேர்ந்தால் போதும். பின்னால் வருந்த நேராது.

இன்று மாலையே குமிழ் வேண்டுமென்றால் டிங்கர்கேட். அளவுகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அதுவே உங்கள் வரலாறு. அலமாரியோ மாடியறையோ வரைய வேண்டுமென்றால் ஸ்கெட்ச்அப். நாளை தொழிலாகவும் செய்யும் எண்ணமிருந்தால் ஃப்யூஷனோ ஆன்ஷேப்போ. இலவசத் திட்டத்தின் நிபந்தனைகளைப் படித்துவிட்டு, ஒவ்வொரு வேலையின் முடிவிலும் ஒரு ஸ்டெப் படியை உங்கள் வட்டில் இறக்கிவையுங்கள். நீண்ட நாள் பழகும் எண்ணமும் சில வாரப் பொறுமையும் இருந்தால் ஃப்ரீகேட். எதுவாயினும், முதல் நாளிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: துளையிட்ட ஒரு கட்டையை வரைந்து, கோப்பை வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். திறந்தால் தொடருங்கள்.

நண்பர் நான் எதிர்பாராத ஒன்றைத் தேர்ந்தார். ஓப்பன்ஸ்கேடைப் பார்த்ததும், "இது பேரேடு போலல்லவா இருக்கிறது" என்று மகிழ்ந்துபோனார். முப்பத்தைந்து ஆண்டுகள் வரிகளிலும் எண்களிலும் வாழ்ந்தவருக்குச் சுட்டெலி வரைதலைவிட அது இயல்பாக இருந்ததில் வியப்பில்லை. தொடக்கநிலையாளர் என்பவர் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் அல்லர் என்பதை நான் மறந்திருந்தேன்.

முதல் குமிழ் தண்டில் நுழையவில்லை. 6 என்று எழுதியிருந்தார். நுண்ணளவியால் மீண்டும் அளந்து 6.35 என்று மாற்றினார். அச்சின் தடிப்புக்காகச் சிறிது தளர்வும் சேர்த்தார். மூன்றாவது குமிழ் பொருந்தியது. சென்ற வாரம் சென்றிருந்தபோது வானொலியைத் திருப்பிப் பின்பலகையைக் கழற்றிக் காட்டினார். அக்காலத்தில் செய்தவர்கள் மின்சுற்று வரைபடத்தை உட்புறத்தில் ஒட்டியிருந்தார்கள். பின்னாளில் எவரேனும் பழுது பார்க்க நேர்ந்தால் உதவும் என்று. அந்த மஞ்சள் காகிதத்தின் கீழே புதிய வெள்ளைத்தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. குமிழைப் பிறப்பிக்கும் பதினோரு வரிகள், அளவுகளோடு.